பெர்கமாட் எண்ணெய்: உள்ளே என்ன இருக்கு?

காய்ச்சல்னா நெத்தியில ஓடிகொலோன் நனைச்ச துணி போடற பழக்கம் நம்ம ஊர்லயும் இருந்தது, இலங்கையிலயும் இருந்தது. அந்த பாட்டிலோட பூர்வீகத்தைத் தேடிப் போனா, இத்தாலியில ஒரு பழத்தோல்ல போய் நிக்குது. பழத்தோட பேரு பெர்கமாட். நாரத்தங்காயும் எலுமிச்சையும் ஒண்ணா சேர்ந்த மாதிரி இருக்கும். சாறு ஒரே கசப்பு, விஷயமெல்லாம் தோல்லதான். இத்தாலியோட தென்கோடியில கலாப்ரியாங்கற கடற்கரைப் பகுதிதான் இதுக்குப் பேர் போன இடம். தோலை ஸ்பாஞ்சுல அழுத்தி அழுத்தி எண்ணெய் எடுத்துட்டு இருந்தாங்க. 1844ல நிக்கோலா பாரில்லாங்கறவர் அதுக்கு ஒரு மெஷின் செஞ்சார். 1 கிலோ எண்ணெய்க்கு சுமார் 200 கிலோ பழம் வேணும்!

இந்த எண்ணெயோட பலன்கள்னு மன அமைதியில ஆரம்பிச்சு பெரிய லிஸ்டே சுத்திட்டு இருக்கு. ஆனா இதோட சரித்திரத்தைப் படிச்சப்போ எனக்கு ஒண்ணு தோணிச்சு. யாராவது "உள்ளே என்ன இருக்கு?"ன்னு கேட்கும்போதெல்லாம் கதை மாறியிருக்கு.

முதல் கதை மருந்து. ஜெர்மனியில கோல்ன் நகரத்துல குடியேறின இத்தாலிக்காரர் ஃபரீனா, 1709ல தொடங்கின கம்பெனி மூலமா பெர்கமாட் கலந்த வாசனைத் தண்ணியை வித்தார். கோல்ன் தண்ணிங்கறதைத்தான் பிரெஞ்சுல 'ஓ டி கொலோன்'னு சொன்னாங்க. இதை உள்ளுக்கும் குடிச்சாங்க, சர்வரோக நிவாரணி! 1810ல நெப்போலியன் ஒரு உத்தரவு போட்டார்: மருந்துன்னு விக்கறவங்க அதோட செய்முறையை அரசாங்கத்துக்குச் சொல்லணும். கோல்ன் வியாபாரிங்க என்ன பண்ணாங்க? "இது மருந்தில்லீங்க, வெறும் வாசனைத் தண்ணி"ன்னுட்டாங்க :-)

ரெண்டாவது கதை தேநீர். ஏர்ல் கிரே டீயோட வாசனை பெர்கமாட்தான். பிரிட்டிஷ் பிரதமரா இருந்த கிரே பிரபுவுக்கு ஒரு சீன அதிகாரி பரிசா கொடுத்த ரெசிபின்னு கதை சொல்வாங்க. கிரே சீனாவுக்குப் போனதே இல்லை. 1820கள்லயே, சுமாரான தேயிலையைத் தேத்தறதுக்கு பெர்கமாட் எண்ணெய் தெளிக்கலாம்னு இங்கிலாந்துல எழுதியிருக்காங்க. 1837ல, இப்படி வாசனையேத்தின தேயிலையை நல்ல தேயிலைன்னு வித்ததா ஒரு கம்பெனி மேல புகாரே வந்தது. இன்னிக்கு உயர்தரம்னு நாம காசு கொடுத்துக் குடிக்கறதோட ஆரம்பம் கலப்படம்!

மூணாவதுதான் சீரியஸான மேட்டர். ஓடிகொலோன் பூசிட்டு வெயில்ல போனவங்களுக்கு, பூசின இடத்துல மட்டும் கருப்புத் திட்டு விழறதை 1916ல ஃப்ராய்ண்ட்ங்கற டாக்டர் எழுதி வெச்சார். கழுத்துல சொட்டு வழிஞ்ச இடம் பதக்கம் தொங்கற மாதிரி கருத்துப் போகும். காரணம், எண்ணெயில இருக்கற பெர்காப்டென். தோல்ல இது இருக்கும்போது வெயில்ல வர்ற புற ஊதாக் கதிர் பட்டா, செல்லோட டிஎன்ஏவைப் போய்ப் பிடிச்சுக்கும். தோல் சிவந்து, சில சமயம் கொப்பளிச்சு, அப்புறம் கருத்துடும். கருப்பு மறைய மாசக்கணக்காகும். இது தெரிஞ்ச பிறகும் வெயில்ல நிறம் ஏத்தற க்ரீம்ல பெர்கமாட் எண்ணெய் சேர்த்து வித்தாங்க. 1995லதான் ஐரோப்பிய யூனியன் வெயில் க்ரீம்கள்ல இந்த வகைப் பொருளுக்கு கிலோவுக்கு 1 மில்லிகிராம்னு உச்சவரம்பு வெச்சது.

பெர்காப்டெனோட குடும்பத்துக்குப் பேரு சோராலென். நம்ம நாட்டு மருந்துக் கடையில கிடைக்கற கார்போக அரிசியோட தாவரவியல் பேர்லேருந்து வந்த பேரு அது. வெண்புள்ளிக்கு அந்த விதையைக் காலங்காலமா நம்மவங்க பயன்படுத்தியிருக்காங்க. இன்னிக்கு தோல் டாக்டர்களும் இந்த வகை மருந்தைக் கொடுத்து, அளந்து புற ஊதாக் கதிர் காட்டறாங்க. சுடறதும் குணமாக்கறதும் ஒரே வேலைதான். அளவும், பக்கத்துல டாக்டரும்தான் வித்தியாசம்.

அதனால பெர்கமாட் எண்ணெய் வாங்கினா, தாராளமா மோந்து பாருங்க, டீயாவும் குடிங்க. "இயற்கைதானே, ஒண்ணும் ஆகாது"ன்னு தோல்ல நேரா தடவிட்டு மட்டும் நம்ம ஊர் வெயில்ல போகாதீங்க. பெர்காப்டெனை நீக்கின எண்ணெயும் கடையில கிடைக்குது, லேபிள்ல 'எஃப்.சி.எஃப்.'னு போட்டிருக்கும். உடம்புல பூசறதா இருந்தா அதைப் பார்த்து வாங்குங்க.