பிராட் தெருவின் அடிபம்பு



1853ஆம் ஆண்டு அக்டோபர் மாதம். பிரிட்டனில் காலரா மறுபடியும் தலைகாட்டியிருந்தது. ஸ்காட்லாந்தின் எடின்பரோ நகரத் திருச்சபைத் தலைவர்கள், அப்போது உள்துறை அமைச்சராக இருந்த பாமர்ஸ்டன் பிரபுவுக்கு ஒரு கடிதம் எழுதினார்கள். நோய் நீங்க வேண்டி, நாடு முழுவதற்கும் ஒரு நோன்பு நாளை அரசியார் அறிவிப்பாரா என்று கேட்டார்கள். இது புதுப் பழக்கம் அல்ல. 1832இல் இதே காலராவுக்காக அப்படியொரு நோன்பு நாளை நாடே கடைப்பிடித்திருந்தது. ஆனால் இம்முறை பாமர்ஸ்டன் மறுத்துவிட்டார். ஏழைகள் நெருக்கியடித்து வாழும் சந்துகளை முதலில் சுத்தம் செய்யுங்கள், அதைச் செய்யாமல் எவ்வளவு மன்றாடினாலும் நோய் வரத்தான் செய்யும் என்ற பொருளில் பதில் அனுப்பினார். பக்தியுள்ள பலர் மனம் புண்பட்டார்கள்.

குருவாக இருந்தும் எனக்கு அந்தப் பதில் பிடிக்கும். ஆனால் பாமர்ஸ்டனுக்கும் பாதி உண்மைதான் தெரிந்திருந்தது. குப்பையிலிருந்தும் சாக்கடையிலிருந்தும் எழும் கெட்ட காற்றுதான் நோயைப் பரப்புகிறது என்று அவர் நம்பினார். அவர் மட்டுமல்ல, அன்றைய மருத்துவர்கள், அதிகாரிகள், படித்தவர்கள் ஏறக்குறைய எல்லாரும் நம்பினார்கள். இந்த நம்பிக்கையின் பேரில் லண்டன் அதிகாரிகள் வீடுகளின் மலக்குழிகளைக் காலி செய்து, அத்தனையையும் தேம்ஸ் ஆற்றுக்குள் தள்ளிவிட்டார்கள். அதே ஆற்றிலிருந்துதான் பல இலட்சம் பேருக்குக் குடிநீர் போய்க்கொண்டிருந்தது. 1848-49இல் லண்டனில் மட்டும் 14 ஆயிரத்துக்கும் மேற்பட்டோர் காலராவுக்குப் பலியானார்கள்.

நம் தாத்தா பாட்டிகள் வாந்திபேதி என்று சொல்லி நடுங்கிய நோய் இதுதான். கங்கைக் கழிமுகத்தில் நெடுங்காலம் இருந்துவந்த இது, 1817இல் வங்காளத்தின் ஜெஸ்ஸூர் பகுதியில் பெருகிக் கிளம்பி, படைகளோடும் வணிகக் கப்பல்களோடும் உலகைச் சுற்றியது. காலையில் நன்றாக இருந்தவர் மாலையில் பிணமாவார். கிருமி குடலுக்குள் ஒரு நஞ்சைச் சுரக்கிறது. அந்த நஞ்சால் உடம்பின் நீரும் உப்பும் குடலுக்குள் கொட்டி வெளியேறுகின்றன. கண்கள் குழிவிழுந்து, தோல் சுருங்கி, கடைசிவரை நினைவோடு இருந்தபடியே பலர் உயிர்விடுவார்கள். இவ்வளவும் நமக்கு இன்று தெரியும். அன்று யாருக்கும் தெரியாது. தெரியாத இடத்தில் மனிதர் முதலில் செய்வது, நோயாளிமேல் பழி போடுவது. ஏழைகளின் அசுத்தம் என்றார்கள், குடிவெறி என்றார்கள், கடவுளின் தண்டனை என்றார்கள். யோவான் நற்செய்தி 9ஆம் அதிகாரத்தில், பிறவியிலேயே பார்வையற்ற ஒருவரைக் கண்டதும் சீடர்களுக்கு எழும் முதல் கேள்வி, இது யார் செய்த பாவம் என்பதுதான். 2020இல் நம் ஊர்களிலும் தகரம் அடித்து மூடிய வீடுகளை நாம் எப்படிப் பார்த்தோம் என்பது நினைவிருக்கும்.

இனி லண்டனுக்குப் போவோம். நகரின் நடுவே சோஹோ என்றொரு பகுதி. தையல்காரர்களும் கைத்தொழிலாளர்களும் ஒரே அறையில் முழுக் குடும்பத்தோடு வாழ்ந்த இடம். அங்கே பெர்விக் தெருவில் ஆங்கிலிக்கன் சபையின் புனித லூக்கா ஆலயம் இருந்தது. அதன் உதவிப் பங்குக் குரு ஹென்றி வைட்ஹெட். வயது 28.

1854 ஆகஸ்ட் 31ஆம் நாள் இரவு, அவருடைய பங்கின் ஒரு மூலையில் காலரா வெடித்தது. மூன்றே நாளில் பிராட் தெருவையும் அதைச் சுற்றியும் 127 பேர் இறந்தார்கள். ஒரே வீட்டில் கணவன், மனைவி, பிள்ளைகள் என்று அடுத்தடுத்துப் போனார்கள். தப்ப முடிந்தவர்கள் பூட்டிக்கொண்டு ஓடினார்கள். வைட்ஹெட் இருந்தார். விடிந்தது முதல் நள்ளிரவு வரை வீடு வீடாகப் போய் நோயாளிகளின் அருகில் அமர்ந்தார். கடைசியில் அந்தச் சிறு பகுதியில் மட்டும் இறந்தோர் தொகை 616.

அதே வாரத்தில் அங்கே இன்னொருவரும் சுற்றிக்கொண்டிருந்தார். மருத்துவர் ஜான் ஸ்நோ. யார்க் நகரக் கூலித் தொழிலாளி ஒருவரின் மகன். மயக்க மருந்து கொடுப்பதில் தேர்ந்தவர். முந்தைய ஆண்டுதான் விக்டோரியா அரசியின் பிரசவத்துக்கே குளோரோஃபார்ம் கொடுத்திருந்தார். காலரா காற்றில் அல்ல, நோயாளியின் மலம் கலந்த தண்ணீரில் பரவுகிறது என்று 1849இலேயே எழுதியவர். கேட்பாரில்லை. இப்போது இறந்தவர்களின் பட்டியலைப் பதிவு அலுவலகத்தில் வாங்கிக்கொண்டு தெருவில் இறங்கினார். இறப்புகள் பிராட் தெரு அடிபம்பைச் சுற்றியே குவிந்திருப்பதைக் கண்டார். பக்கத்திலிருந்த ஏழையர் இல்லத்தில் 535 பேர் இருந்தும் ஐந்து பேர்தான் இறந்திருந்தார்கள். அங்கே தனிக் கிணறு இருந்தது. அந்தத் தெருவிலேயே இருந்த மதுபான ஆலையின் 70 தொழிலாளர்களில் ஒருவர்கூட இறக்கவில்லை. அவர்களுக்கு மது இலவசம். பம்புத் தண்ணீரை அவர்கள் தொடுவதே இல்லை! (மதுவுக்குச் சாதகமாக இந்த வானொலியில் நான் சொல்லும் ஒரே செய்தி இதுதான்.) மாறாக, சில மைல்களுக்கு அப்பால் ஹாம்ப்ஸ்டெட்டில் வாழ்ந்த ஒரு விதவை இறந்திருந்தார். முன்பு பிராட் தெருவில் வாழ்ந்த அவருக்கு அந்தத் தண்ணீரின் சுவை பிடித்துப்போனதால், தினமும் வண்டியில் ஒரு புட்டி வரவழைத்துக் குடித்துவந்தார். அவரைப் பார்க்க வந்து அதே தண்ணீரைக் குடித்த உறவுப் பெண்ணும் தன் ஊருக்குத் திரும்பி இறந்தார்.

செப்டம்பர் 7ஆம் நாள் ஸ்நோ பங்கு நிர்வாகக் குழுவின்முன் போய்ப் பேசினார். குழுவினர் முழுதாக நம்பவில்லை. ஆனாலும் மறுநாள் பம்பின் கைப்பிடியைக் கழற்றிவிட்டார்கள்.

பள்ளிப் புத்தகங்களில் கதை இங்கே முடிந்துவிடும். எனக்கு இதற்குப் பிறகு நடந்ததுதான் முக்கியம்.

ஸ்நோ சொன்னதை வைட்ஹெட் ஏற்கவில்லை. காரணமில்லாமல் அல்ல. கைப்பிடியைக் கழற்றுவதற்கு முன்பே இறப்புகள் குறையத் தொடங்கிவிட்டன. தண்ணீரில்தான் நஞ்சு என்றால், நோயாளிகள் பெருகப் பெருகத் தண்ணீர் இன்னும் கெட்டிருக்க வேண்டுமே? மேலும், நோயில் கிடந்தபோது அதே பம்புத் தண்ணீரைக் குடம் குடமாகக் குடித்துப் பிழைத்தவர்களை அவர் கண்ணால் பார்த்திருந்தார். ஏழைகளின் அசுத்தம் என்ற பேச்சையும் அவர் ஏற்கவில்லை. சுத்தமான வீடுகளில் சாவு விழுந்ததையும், நாறிக் கிடந்த வீடுகள் தப்பியதையும் அவர் அறிவார். அவருக்கு அது புள்ளிவிவரம் அல்ல. ஒவ்வொரு வீட்டிலும் பெயர் சொல்லிக் கூப்பிடக்கூடிய மனிதர்கள்.

அந்த ஆண்டு இறுதியில் பங்கு நிர்வாகம் ஒரு விசாரணைக் குழு அமைத்தது. ஸ்நோவும் வைட்ஹெட்டும் அதில் உறுப்பினர்கள். ஸ்நோவின் கருத்து தவறு என்று நிரூபித்துவிடலாம் என்ற எண்ணத்தோடுதான் வைட்ஹெட் பிராட் தெருவின் கதவுகளை மறுபடி தட்டத் தொடங்கினார். சில வீடுகளுக்கு நான்கைந்து முறை போனார். வீடு சந்திப்புக்குப் போகும் எந்தக் குருவுக்கும் இது தெரியும். முதல் முறை போனால் காப்பி கிடைக்கும். மூன்றாம் முறை போனால்தான் வீட்டில் நடந்தது என்ன என்று சொல்வார்கள். முதலில் “நாங்கள் அந்தத் தண்ணீரைக் குடிக்கவில்லை” என்றவர்கள், பிறகு யோசித்து, பிள்ளையை அனுப்பி எடுத்துவரச் சொன்னதை நினைவுகூர்ந்தார்கள். ஊரைவிட்டுப் போனவர்களையும் அவர் தேடிப் பிடித்தார். ஸ்நோவுக்கு இறந்தவர்களின் பட்டியல்தான் கிடைத்திருந்தது. வைட்ஹெட்டோ பிழைத்தவர்களையும் கேட்டார். கணக்குப் பார்த்தபோது, பம்புத் தண்ணீரைக் குடித்த 137 பேரில் 80 பேருக்கு நோய் வந்திருந்தது. குடிக்காத ஏறக்குறைய 300 பேரில் 20 பேருக்குத்தான் வந்திருந்தது. தாம் உடைக்கப் போன கருத்துக்குத் தாமே சாட்சி சேர்த்துக்கொண்டிருப்பதை அவர் உணர்ந்தார். சற்றுத் தயக்கத்தோடுதான் என்றாலும், அதை வெளிப்படையாகச் சொன்னார்.

ஆனால் தண்ணீரில் நஞ்சு எப்படி வந்தது? 1855இல் ஒருநாள், வேறு எதையோ தேடி இறப்புப் பதிவுகளைப் புரட்டிக்கொண்டிருந்த அவர் கண்ணில் ஒரு வரி பட்டது. பிராட் தெரு, 40ஆம் எண் வீடு. செப்டம்பர் 2ஆம் நாள் இறந்த ஐந்து மாதப் பெண் குழந்தை. இறப்புக்கு நான்கு நாள் முன்பே வயிற்றுப்போக்கு. அந்தப் பதிவை அவர் முன்பும் பார்த்திருந்தார். நான்கு நாள் முன்பு என்றால் தெருவில் கொள்ளைநோய் வெடிப்பதற்கு முன்பே! 40ஆம் எண் வீட்டுக்கு நேர் எதிரில்தான் பம்பு.

வைட்ஹெட் அந்தத் தாயைப் போய்ப் பார்த்தார். காவலர் ஒருவரின் மனைவி, பெயர் சாரா லூயிஸ். குழந்தையும் போய், கணவரும் போய், தனித்திருந்த பெண். நோயுற்ற குழந்தையின் துணிகளை வாளியில் ஊறவைத்து அலசியதாகவும், அந்தத் தண்ணீரில் கொஞ்சத்தை வீட்டின் முன்பக்க மலக்குழியில் ஊற்றியதாகவும் அவர் சொன்னார். எந்தத் தாயும் செய்வதைத்தான் அவரும் செய்திருந்தார்.

ஏப்ரலில் அந்த இடத்தைத் தோண்டினார்கள். மலக்குழியின் செங்கற்கள் உதிர்ந்து கிடந்தன. கிணற்றுக்கும் அதற்கும் இடையே மூன்றடிகூட இல்லை. நடுவிலிருந்த மண் மலம் ஊறிச் சேறாகியிருந்தது. வைட்ஹெட்டின் கேள்விக்கும் பதில் கிடைத்தது. மற்ற வீடுகளின் கழிவு அந்தக் குழிக்கு வரவில்லை. குழந்தை இறந்ததும் நஞ்சின் ஊற்றும் நின்றது. அதனால்தான் இறப்புகள் தாமாகவே குறைந்தன.

அப்படியானால் கைப்பிடியைக் கழற்றியது வீண்வேலையா? இல்லை. குழந்தையின் தந்தை தாமஸ் லூயிசுக்குக் காலரா கண்டது செப்டம்பர் 8ஆம் நாள். அவர் 19ஆம் நாள் இறந்தார். அவருடைய கழிவையும் மனைவி அதே குழியில்தான் ஊற்றினார். ஆனால் கைப்பிடி கழற்றப்பட்டதும் அதே செப்டம்பர் 8தான். கழற்றியிராவிட்டால் சோஹோ முழுவதும் இரண்டாம் முறை அதே கதி.

அரசின் சுகாதார வாரியம் இதை ஏற்கவில்லை. காற்றுதான் காரணம் என்று சாதித்தது. ஸ்நோ 1858இல், 45 வயதில் இறந்தார். தம் கருத்து வென்றதை அவர் பார்க்கவில்லை. அந்தத் தெருவில் இன்று ஒரு மதுக்கடைக்கு அவர் பெயர் வைத்திருக்கிறார்கள். மனிதர் வாழ்நாளில் பெரும்பகுதி மதுவைத் தொடாதவர்! வைட்ஹெட் பிறகு வட இங்கிலாந்தின் பங்குகளில் பணியாற்றி 1896இல் மறைந்தார். தம் படிப்பறைச் சுவரில் ஸ்நோவின் படத்தைக் கடைசிவரை மாட்டி வைத்திருந்தார். அதற்குள் ராபர்ட் காக் என்ற ஜெர்மானிய அறிஞர் 1884இல் கல்கத்தாவில் காலராக் கிருமியை உறுதிசெய்துவிட்டார். பிளாரன்ஸ் நகரின் பிலிப்போ பசினி அதை 1854லேயே உருப்பெருக்கியில் பார்த்து எழுதியிருந்தார். அவரையும் யாரும் பொருட்படுத்தவில்லை.

வைட்ஹெட்டின் இன்னொரு கேள்வி மிச்சமிருந்தது. குடம் குடமாகத் தண்ணீர் குடித்தவர்கள் எப்படிப் பிழைத்தார்கள்? இழந்த நீரை ஈடுசெய்தால் உயிர் தங்கும் என்பதுதான் அதன் சூட்சுமம். வெறும் தண்ணீரைவிட, உப்பும் குளுக்கோஸும் சரியான அளவில் கலந்த தண்ணீரைக் குடல் எளிதில் உறிஞ்சும். காலராவின் நஞ்சு வேலை செய்துகொண்டிருக்கும்போதும் குளுக்கோஸ் உப்பை இழுத்துக்கொண்டு போகும். உப்பின் பின்னே நீர் போகும். 1960களில்தான் இது தெளிவானது.

1971இல் கிழக்குப் பாகிஸ்தானிலிருந்து ஏறக்குறைய ஒரு கோடி அகதிகள் இந்தியாவுக்குள் வந்தார்கள். மேற்கு வங்கத்தின் பொங்கான் முகாமில் காலரா புகுந்தது. மருத்துவமனைத் தரையெங்கும் நோயாளிகள். நரம்பில் ஏற்றும் சலைன் தீர்ந்துகொண்டிருந்தது. மருத்துவர் திலீப் மகலனாபிஸ், குளுக்கோசையும் உப்பையும் சோடா உப்பையும் எடைபோட்டுக் கலந்து, தண்ணீரில் கரைத்து, குழாய் வைத்த டிரம்களில் நிரப்பி வைத்தார். செவிலியர் போதவில்லை. தாயும் தகப்பனும் அண்ணனும் அக்காவுமே குவளையில் பிடித்துவந்து நோயாளிகளுக்குப் புகட்டினார்கள். மற்ற இடங்களில் நூற்றுக்கு முப்பது பேர்வரை இறந்த அந்த நோயில், அவருடைய பொறுப்பில் இருந்தவர்களில் இறந்தவர்கள் நூற்றுக்கு நான்கு பேருக்கும் குறைவு.

ஓ.ஆர்.எஸ். என்று நம் வீடுகளில் சொல்லும் பொட்டலம் அந்தக் கலவையின் வழிவந்ததுதான். ஆரம்பச் சுகாதார நிலையத்தில் இலவசமாகவே கிடைக்கும். பொட்டலத்தின்மேல் எழுதியிருக்கும் அளவுத் தண்ணீரில் முழுவதையும் கரையுங்கள், பாதி பாதியாகப் பிரிக்க வேண்டாம். தண்ணீரை மட்டும் முன்பே கொதிக்கவைத்து ஆற்றிக்கொள்ளுங்கள்.