அரசின் முதலும் வணிகரின் முதலும்: பாலாற்றங்கரை தரும் பாடம்

அரசாங்கம் பொதுப்பணத்தைத் தொழிலில் இறக்கினால், தனியார் முதலீடு பெருகுமா, ஒதுங்குமா? வளரும் நாடுகளைப் பற்றிப் பொருளியலார் நெடுங்காலமாக எழுப்பிவரும் வினா இது. விடை காண ஏடுகளை மட்டும் புரட்ட வேண்டுவதில்லை. பாலாறும் பெருஞ்சாலையும் அருகருகே செல்லும் மாதனூருக்கு மேற்கே ஆம்பூர், வாணியம்பாடி. கிழக்கே வேலூர், மேல்விஷாரம், இராணிப்பேட்டை. நம் சமுதாயத்தார் பலர் தலைமுறை தலைமுறையாக வளர்த்த இத்தோல் தொழில் வட்டாரத்தின் வரலாறே சான்று பகரும்.

1856 ஜூலை 1ஆம் நாள் தென்னகத்தின் முதல் இரயில் இராயபுரத்திலிருந்து வாலாஜா ரோடு வரை ஓடிற்று. பாதையிட்டது தனியார் கம்பெனி. பங்குதாரருக்கு வட்டி உத்தரவாதம் அளித்தது அரசு. அவ்வுறுதியை நம்பியே இங்கிலாந்துச் செல்வர் பணம் போட்டனர். பாதை மேற்கே நீண்டபின், ஆவாரம்பட்டையில் பதனிட்ட தோல் சென்னைத் துறைமுகம் சேர்வது எளிதாயிற்று. ஆயினும் அவ்வட்டிச் சுமையைத் தாங்கியவர் இந்நாட்டு வரிகொடுப்போரே என்பதையும் மறத்தலாகாது.

விடுதலைக்குப்பின் 1948இல் சென்னை அடையாற்றில் மத்திய தோல் ஆராய்ச்சி நிலையம் எழுந்தது. தனித்த தோல்ஷாப்பு எதுவும் தன் செலவில் நிறுவ இயலாத ஆய்வுக்கூடம் அது. சீதாராமையா குழுவின் 1972ஆம் ஆண்டுப் பரிந்துரையை ஒட்டி, பாதி பதனிட்ட தோலின் ஏற்றுமதிக்கு அரசு வரம்பு விதித்தது. கலங்கிய வணிகர் பலர், பின்னர் இயந்திரங்களில் முதல் போட்டனர். முழுத்தோலும் காலணியும் செய்யும் ஆலைகள் தோன்றின. அரசின் பணம் முன்சென்று அறிவைத் தந்தது. வணிகரின் பணம் பின்தொடர்ந்தது.

எனினும் மறுபக்கமும் உண்டு. 1990இல் வங்கிகள் பெற்ற வைப்புத்தொகை ஒவ்வொரு 100 ரூபாயிலும் 38.50 ரூபாய் அரசுப் பத்திரம் முதலியவற்றிலும், 15 ரூபாய் ரொக்க இருப்பாகவும் முடங்கிக் கிடந்தன. எஞ்சிய பாதிக்கும் குறைவான தொகைக்கே உழவரும் தொழிலதிபரும் போட்டியிட நேர்ந்தது. பானை ஒன்றாயிருக்க, அரசே பெரும்பங்கை அள்ளிக்கொண்டால் பந்தியின் கடைசியில் அமர்ந்த சிறு வணிகனுக்கு என்ன மிஞ்சும்? பின்வந்த சீர்திருத்தங்களில் இவ்விகிதங்கள் தளர்த்தப்பட்டன.

வணிகர் முதல் பெருகிய காலத்தே பாலாறு நலிந்தது. தோல் கழிவுநீரால் சுமார் 35,000 ஹெக்டேர் விளைநிலம் பகுதியாகவோ முழுமையாகவோ பயிரிடத் தகுதியற்றுப் போயிற்று என்ற ஆய்வை, 1996 ஆகஸ்ட் 28இல் உச்சநீதிமன்றம் தன் தீர்ப்பில் எடுத்துக்காட்டிற்று. மாசுபடுத்தியவரே ஈடுசெய்ய வேண்டும் என்றும் விதித்தது. கழிவுநீரைத் துப்புரவாக்கும் பொதுநிலையங்களுக்கு மத்திய அரசு கால் பங்கும் மாநில அரசு கால் பங்கும் மானியம் தரும் ஏற்பாடு இருந்தது; எஞ்சியது தொழில் புரிவோர் பொறுப்பு. தனித்தனியே நிலையம் கட்ட வசதியற்ற சிறு தோல்ஷாப்புகள் பல, இக்கூட்டு முயற்சியாலேயே தொழிலைத் தொடர முடிந்தது.

இதனின்று பெறப்படுவது யாது? ஒருவரால் தனித்துச் செய்யவியலாத பாதை, ஆய்வு, நீர்த் தூய்மை ஆகியவற்றில் அரசு இறங்குமானால் தனியார் முதல் தானே வந்து சேரும். கடன் சந்தையில் வணிகருக்குப் போட்டியாக நின்றால் அது ஒதுங்கும். அரசு அமைத்த அடித்தளத்தின்மீது இலாபம் கண்டவர்க்கும் ஒரு கடமை உண்டு. இரயிலும் ஆய்வுக்கூடமும் பொதுப்பணத்தின் துணையால் கிடைத்தவை. பாலாறோ எப்பணத்தாலும் வாங்கவியலாத முதல். அதனைப் பேணாத முதலீடு எதுவாயினும், கணக்கேட்டில் இலாபமாயினும் ஊருக்கு நட்டமே.