நாடென்னுஞ் சொல்லும் நாவலூரர் திருப்பாட்டும்

நாடு என்னுஞ் சொல் இஞ்ஞான்று ஓர் அரசின்கீழ் அடங்கிய பெருநிலப்பரப்பையே பெரும்பாலும் உணர்த்தாநிற்கும். இப்பொருளையே பண்டைத் திருமுறைகளிலும் ஏற்றி வாசிப்பார் உளர், அது பொருந்தாது.

இச்சொல் கன்னடம், தெலுங்கு, மலையாளம் என்னும் இனமொழிகளினும் வழங்குதலின் மிக்க தொன்மையுடையது. நாடுதல் என்னும் வினையினின்று பிறந்ததென்பார் சிலர். நடுதலோடு இயைப்பார் வேறு சிலர். சொற்பிறப்பு எவ்வாறாயினும், காட்டிற்கு மறுதலையாக, உழுது பயிரிட்டு மக்கள் குடியேறிய நிலமே நாடெனப்பட்டதென்பது பழைய வழக்கால் தெளிவாம். சோழர் சாசனங்களில் நாடென்பது வேளாண்மையூர்கள் பல சேர்ந்த ஒரு சிறு கூட்டம். அதன் காரியங்களை நோக்கியோர் நாட்டார் எனப்பட்டனர். 1973-ஆம் ஆண்டில் சோழமண்டலத்து நிலப்பிரிவுகளைப் பற்றி ஒய். சுப்பராயலு வெளியிட்ட ஆராய்ச்சியும் இதனையே வலியுறுத்தும். அந்நாடுகளுட் பல, தம்முள் அடங்கிய ஓர் ஊரின் பெயரையே தம் பெயராகக் கொண்டன.

இவ்வுண்மைக்கு அச்சாசனங்களினும் முற்பட்ட சான்று, திருநாவலூரில் அவதரித்த சுந்தரமூர்த்தி சுவாமிகள் அருளிய திருநாட்டுத்தொகையாம். கொண்டல், குறுக்கை, மருகல் முதலிய ஊர்களை அவ்வவ்வூரின் பெயர்பெற்ற நாட்டோடு புணர்த்தே சுவாமிகள் ஓதுகின்றார். மிழலையென ஊர்கள் இரண்டுளவாதலின், ஒன்றனை மிழலைநாட்டதென்றும் மற்றொன்றனை வெண்ணிநாட்டதென்றும் பிரித்தருளினார். ஈண்டு நாடென்பதற்கு அரசெனப் பொருள்கொள்ளின் அப்பதிகத்தின் பயனே கெடும். இரண்டு தலங்களும் ஒன்றாய் மயங்கும்.

சுவாமிகள் பிறந்த திருமுனைப்பாடி நாடோ இச்சிறு நாடுகளினும் பெரிது. முனையென்பது போர்முனை, பாடியென்பது படை தங்குமிடம். சுவாமிகளை மகன்மை கொண்டு வளர்த்த நரசிங்கமுனையரையர் பெயரினும் அம்முனையே நிற்கின்றது. பராந்தகசோழன் மைந்தன் இராசாதித்தன் படையோடு தங்கியதும் இந்நாட்டிலேயாம். அவன் 949-இல் தக்கோலத்தில் மாண்டபின், வென்ற கன்னரதேவன் காலத்துக் கல்வெட்டுக்கள் நாவலூர்த் திருக்கோயிலிலேயே பொறிக்கப்பட்டன. அரசர் மாறினும் நாட்டின் பெயர் மாறிற்றில்லை. பன்னிரண்டாம் நூற்றாண்டினராகிய சேக்கிழார் பெருமானும் அப்பெயராலேயே அதனை வழங்கினார். அணித்தாகிய மலையமானாடு மட்டும் மலாடென மருவிற்று.

இனி, மிழலைநாட்டு மிழலையை நாடுவோர் பெரியபுராணத்தையும் உடன்வைத்து நோக்குதல் வேண்டும். நாவலூரர் திருவடியையே சிந்தித்து, அவர் கயிலை சேருமுன்னரே யோகத்தாற் சென்று சேர்ந்த பெருமிழலைக்குறும்ப நாயனாரது ஊரை, அப்புராணம் மிழலைநாட்டின்கண் வைத்தே ஓதுகின்றது.