உறுப்பும் வயதும்: தஞ்சை மருத்துவ மரபில் குழந்தைகளின் காது, மூக்கு, தொண்டை நோய்கள்

ஆய்வுச் சுருக்கம்

குழந்தைகளுக்கு வரும் காது, மூக்கு, தொண்டை நோய்களைப் பழைய மருத்துவ நூல்கள் எவ்விடத்தில் வைத்துப் பேசின என்பதை இக்கட்டுரை ஆராய்கிறது. இரண்டாம் சரபோஜி மன்னர் காலத்துத் தஞ்சைத் தொகுப்புகளும், அவற்றுக்குப் பின்புலமான வடமொழி மருத்துவ நூல்களும், தமிழ்ப் பாலவாகட மரபும் இதற்கு அடிப்படையாகின்றன. இந்நோய்கள் உறுப்பின் பெயரால் அமைந்த இயல்களில் அடங்காமல், வயதின் பெயரால் அமைந்த இயல்களுக்குள் சென்றதற்கு மருத்துவக் காரணங்கள் இருந்தன என்பது இக்கட்டுரையின் கருத்து.

திறவுச் சொற்கள்: சரபேந்திர வைத்திய முறைகள், பாலரோகம், பாலவாகடம், நசியம், காதுகுத்து, தன்வந்தரி மகால்.

முன்னுரை

தஞ்சையை 1798 முதல் 1832 வரை ஆண்ட மராத்திய மன்னர் இரண்டாம் சரபோஜி மருத்துவத்தில் மிகுந்த நாட்டம் கொண்டவர். அவர் நிறுவிய தன்வந்தரி மகாலில் சித்தம், ஆயுர்வேதம், யுனானி, ஆங்கில மருத்துவம் ஆகியவற்றில் தேர்ந்தவர்கள் பணிபுரிந்தனர். நோயாளிகளிடம் கையாண்டு பயன் தெரிந்த முறைகள் தொகுக்கப்பட்டுத் தமிழ்ச் செய்யுள்களாக ஆக்கப்பட்டன. மன்னரின் மற்றொரு பெயரான சரபேந்திரர் என்பதையொட்டி அவை 'சரபேந்திர வைத்திய முறைகள்' எனப் பெயர் பெற்றன. பிற்காலத்தில் தஞ்சை சரசுவதி மகால் நூலகம் அவற்றை நோய்வாரியாகத் தனித்தனி நூல்களாகப் பதிப்பித்தது.

இவ்வரிசையில் கண்ணுக்கு 'நயனரோக சிகிச்சை' என ஒரு நூல் உண்டு. குழந்தைகளுக்கு உரியது 'கர்ப்பிணி பாலரோக சிகிச்சை' என்னும் பெயருடன் கருவுற்ற பெண்ணின் மருத்துவத்தோடு சேர்ந்து நிற்கிறது. முன்னது உறுப்பைக் கொண்டும் பின்னது வாழ்நாளின் பருவத்தைக் கொண்டும் வகுக்கப்பட்டவை. காதில் சீழ் வடியும் 2 வயதுக் குழந்தையை இவ்விரு பகுப்புகளுள் எதில் தேடுவது என்ற வினாவிலிருந்தே இவ்வாய்வு தொடங்குகிறது.

உறுப்பு வழியும் வயது வழியும்

ஆயுர்வேதம் மருத்துவத்தை எட்டு அங்கங்களாகப் பகுக்கிறது. அவற்றுள் சாலாக்கியம் கழுத்துக்கு மேற்பட்ட கண், காது, மூக்கு, வாய், தொண்டை ஆகியவற்றின் நோய்களுக்கு உரியது. கௌமாரபிருத்தியம் குழந்தைக்கு உரியது. சுசுருத சங்கிதை காதுநோய்கள் 28, மூக்குநோய்கள் 31, வாய்நோய்கள் 65 என எண்ணுகிறது. தொண்டை நோய்கள் வாய்நோய்களுக்குள் அடங்கும். வாக்படரின் அட்டாங்க இருதயத்தில் உத்தரத்தானத்தின் முதல் 3 அத்தியாயங்கள் குழந்தைகளைப் பற்றியவை. காது, மூக்கு, வாய் பற்றியவை 17 முதல் 22 வரையுள்ள அத்தியாயங்களில் வருகின்றன.

இவ்விரு பகுதிகளுக்கும் இடையில் உள்ள தொலைவு ஏட்டளவில் மட்டும் அமைந்ததன்று. 'தாலுகண்டகம்' என்னும் நோய் இதற்குச் சான்றாகும். இது அண்ணத்தில் தோன்றுவது. ஆயினும் வாய்நோய் அத்தியாயத்தில் அன்றிக் குழந்தை நோய் அத்தியாயத்திலேயே வாக்படர் இதை விளக்குகிறார். அண்ணம் தாழ்தல், உச்சியில் பள்ளம் விழுதல், பால் குடிக்க மறுத்தல், கழிச்சல், தாகம், வாந்தி, கழுத்து நிற்காமை ஆகியவை அதன் குறிகளாகச் சொல்லப்படுகின்றன. நீரிழப்பால் உச்சிக்குழி உள்வாங்கிய குழந்தையின் நிலையோடு இக்குறிகள் பெரிதும் ஒத்துப்போகின்றன. நோய் தொண்டையருகே இருப்பதாகத் தோன்றினும் குழந்தையின் உடல் முழுவதையும் பற்றியது என்பதை அந்நூலாசிரியர் கண்டிருக்கிறார்.

தமிழ்ப் பாலவாகட நூல்களிலும் இப்போக்கைக் காணலாம். மாந்தம், கணம் என்னும் பெரும்பிரிவுகள் உறுப்பைச் சுட்டுவன அல்ல. செரியாமை, காய்ச்சல், சளி, இருமல், மூச்சுத்திணறல் ஆகியவை கூட்டாக வரும் நிலைகளையே அப்பெயர்கள் குறிக்கின்றன. பெரியவர்க்குப் பீனிசம் என்று தனிநோயாக எண்ணப்படும் மூக்கடைப்பும் நீர்வடிதலும் குழந்தையிடத்து இத்தகைய கூட்டுநிலையின் ஒரு குறியாகிவிடுகின்றன.

சொல்லத் தெரியாத நோயாளி

உறுப்பு வழிப் பகுப்பு, தனக்கு வலிக்குமிடத்தை எடுத்துச் சொல்லும் நோயாளியை முன்வைத்து அமைந்தது. குழந்தையால் அது இயலாது. எனவே சுசுருதர், குழந்தை எந்த இடத்தை அடிக்கடி தொடுகிறதோ, பிறர் தொட்டால் எங்கே அழுகிறதோ அங்கே வலி உள்ளதென்று அறியச் சொல்கிறார். காசியப சங்கிதையின் வேதனை அத்தியாயம் இதனினும் நுட்பமானது. கைகளால் காதைத் தொடுதல், தலையை ஆட்டுதல், அமைதியின்மை, உணவில் விருப்பமின்மை, உறக்கமின்மை ஆகியவற்றைக் காதுவலியின் குறிகளாக அது தருகிறது. நடுச்செவி அழற்சி கொண்ட கைக்குழந்தையிடம் இன்றைய மருத்துவர் கேட்டறியும் குறிகளும் ஏறத்தாழ இவையே. நேபாளத்தில் கிடைத்த ஏட்டைக் கொண்டு அந்நூல் 1938-இல் அச்சேறிய பின்னரே பரவலாக அறியப்பட்டது.

வயது விதித்த தடை

இந்நோய்கள் வயது வழிப் பகுப்புக்குச் சென்றதற்கு மற்றொரு காரணம் சிகிச்சை முறையில் இருக்கிறது. மூக்குக்கும் தொண்டைக்கும் உரிய தலையாய முறைகள் மூன்று: மூக்கில் மருந்து விடும் நசியம், மருந்துப் புகையை உள்ளிழுத்தல், மருந்து நீரை வாயில் நிறைத்துக் கொப்பளித்தல். அட்டாங்க இருதயத்தின் சூத்திரத்தானம் 20-ஆம் அத்தியாயம் இம்மூன்றுக்கும் வயதெல்லை வகுக்கிறது. நசியம் 7 வயதுக்கு முன்னும், புகை 18 வயதுக்கு முன்னும், கொப்பளித்தல் 5 வயதுக்கு முன்னும் கூடாது.

இவ்வெல்லையின் விளைவு தெளிவானது. 5 வயதுக்குட்பட்ட குழந்தையைப் பொறுத்தவரை மூக்கு, தொண்டை நோய்களுக்குரிய முதன்மைக் கருவிகள் மருத்துவரின் கையிலிருந்து நீங்கிவிடுகின்றன. நோயின் பெயர் பெரியவர்க்கு உரியதாகவே இருந்தாலும் மருந்து செலுத்தும் வழி வேறாகிறது. ஆகவே உறுப்புநோய் இயல் அக்குழந்தைக்குப் பயன்படாது போகிறது.

இத்தடைக்கு ஒரு விலக்கும் உண்டு. 'பிரதிமரிசம்' எனப்படும் மிகச் சிற்றளவு நசியம் பிறப்பு முதல் இறப்பு வரை ஏற்றது என அதே அத்தியாயம் கூறுகிறது. குளிப்பாட்டும்போது குழந்தையின் மூக்கில் எண்ணெய்த் துளி விடும் வீட்டு வழக்கத்தை நூல்மரபுடன் இணைத்துப் பார்க்க இங்கு இடமுண்டு. அவ்வாறு விடும் எண்ணெய் நுரையீரலுள் இறங்கி அழற்சி உண்டாக்கும் என்பதால் இன்றைய குழந்தை மருத்துவர்கள் இவ்வழக்கத்தைத் தடுக்கின்றனர். வலிய நசியத்தைப் பழைய நூல் விலக்கியிருப்பதை நோக்கின், குழந்தையின் மூச்சுவழி எளிதில் ஊறுபடும் என்ற உணர்வு அம்மரபுக்கும் புதிதன்று எனலாம்.

தாய் வழி மருந்து

நேரடி வழிகள் அடைபட்டபோது தாய்ப்பால் மருந்து செல்லும் வழியாயிற்று. பால் மட்டும் உண்ணும் பருவம், பாலும் சோறும் உண்ணும் பருவம், சோறு மட்டும் உண்ணும் பருவம் எனக் குழந்தைப் பருவத்தை நூல்கள் மூன்றாகப் பிரிக்கின்றன. மருந்தின் அளவும், அதை உண்ண வேண்டியவர் தாயா, குழந்தையா, இருவருமா என்பதும் இப்பருவங்களைப் பொறுத்தே அமைகின்றன. பாலும் சோறும் உண்ணும் குழந்தைக்கு இலந்தை விதையளவும், சோறு உண்ணும் குழந்தைக்கு இலந்தைப் பழ அளவும் சுசுருதர் வரையறுக்கிறார்.

தஞ்சைத் தொகுப்பில் கர்ப்பிணியும் பாலரும் ஒரே தலைப்பில் அமைந்ததை இப்பின்னணியில் விளங்கிக்கொள்ளலாம். தாயும் சேயும் மருத்துவத்தில் ஒரே நோயாளியாகக் கருதப்பட்டனர். தமிழ் வீடுகளில் வசம்பு, சுக்கு, மாசிக்காய், கடுக்காய், சாதிக்காய் ஆகியவற்றை உரைகல்லில் இழைத்துத் தாய்ப்பாலில் கலந்து புகட்டும் உரைமருந்தும் இதே நெறியைச் சார்ந்தது. வசம்புக்குப் 'பிள்ளை வளர்ப்பான்' என்ற பெயர் வழங்குவது அம்மருந்தின் செல்வாக்கைக் காட்டும்.

காதுகுத்து என்னும் விதிவிலக்கு

குழந்தையின் உறுப்பிலேயே நேரடியாகக் கைவைக்கப் பழைய நூல்கள் இசைந்த நிகழ்வு காதுகுத்து. 6-ஆம் அல்லது 7-ஆம் மாதத்தில், குழந்தையை மடியில் இருத்தி, காதுமடலை வெயிலில் பிடித்து, ஒளி ஊடுருவும் மெல்லிய இடத்தைக் கண்டு குத்தவேண்டும் எனச் சுசுருதர் கூறுகிறார். தவறிய இடத்தில் குத்தினால் ஊறுபடக்கூடிய நாளங்கள் மூன்றையும், அதனால் வரும் காய்ச்சல், வீக்கம், வலி முதலிய தீங்குகளையும் எச்சரிக்கிறார். தமிழ்ச் சமூகத்தில் இப்பணி மருத்துவரிடம் நிலைக்கவில்லை. தாய்மாமன் மடியில் குழந்தை அமர, பொற்கொல்லர் குத்தும் சடங்காக அது வழங்குகிறது. குழந்தைக்குரிய காது அறுவை மருத்துவ ஏட்டைவிட்டு நீங்கிச் சடங்கில் நிலைபெற்றது.

சமகால ஐரோப்பாவும் பிற்காலத் தஞ்சையும்

இவ்விரு பகுப்புகளின் பிளவு தஞ்சைக்கு மட்டும் உரியதன்று. சரபோஜியின் ஆட்சிக்காலத்திலேயே, 1802-இல், பாரிசில் குழந்தைகளுக்கெனத் தனி மருத்துவமனை ஏற்பட்டது. அதே நகரில் காது கேளாதோர் பள்ளியின் மருத்துவரான இட்டார், 1821-இல் காதுநோய் பற்றிய பெருநூலை வெளியிட்டார். ஒன்று வயதையும் மற்றொன்று உறுப்பையும் அடிப்படையாகக் கொண்டவை. குழந்தைகளின் தொண்டையை அடைத்துக் கொல்லும், தொண்டை அடைப்பான் என்று இன்று தமிழில் வழங்கும் நோய்க்குப் பிரெஞ்சுப் பெயரை 1826-இல் பிரெத்தனோ சூட்டினார். குழந்தைகளின் மூக்கின் பின்புறத் தசைவளர்ச்சியைக் கோபன்கேகனில் மேயர் 1868-இல் விளக்கிய பின்னரே மூக்கடைப்பும் செவித்திறன் குறைவும் ஒரே காரணத்தால் குழந்தையிடம் வரலாம் என்பது மருத்துவ உலகில் வலுப்பெற்றது.

நடுச்செவியைத் தொண்டையுடன் இணைக்கும் குழல் குழந்தைகளிடம் குறுகியதாகவும் கிடைநிலைக்கு நெருங்கியதாகவும் உள்ளது. ஆகவே சளி எளிதில் காதுக்குச் செல்கிறது. வயதே இந்நோயின் காரணங்களுள் ஒன்று என்பதை இவ்வுடற்கூறு உறுதிப்படுத்துகிறது.

தஞ்சையில் 19-ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியில் தோன்றிய இராசா மிராசுதார் மருத்துவமனை இன்று மகப்பேற்றுக்கும் குழந்தை மருத்துவத்துக்கும் பெயர் பெற்றது. கர்ப்பிணியையும் பாலரையும் சேர்த்து நோக்கும் முறை புதிய நிறுவன வடிவிலும் தொடர்கிறது. இந்திய அரசு 2013-இல் தொடங்கிய தேசியச் சிறார் நலத்திட்டம் பிறப்பு முதல் 18 வயது வரையுள்ளோரிடம் 30 நிலைகளைக் கண்டறிய முனைகிறது. அப்பட்டியலில் பிறவிச் செவிடு பிறவிக் குறைகளிலும், நடுச்செவி அழற்சி குழந்தை நோய்களிலும், செவித்திறன் குறைவு வளர்ச்சித் தாமதங்களிலும் இடம்பெறுகின்றன. ஒரே உறுப்பு மூன்று தலைப்புகளில் பிரிந்து நிற்கிறது. அவற்றை ஒன்றாக இணைப்பது குழந்தையின் வயதே.

முடிவுரை

பழைய நூல்களில் 'கர்ணரோகம்', 'நாசிரோகம்' என்னும் தலைப்புகளை மட்டும் புரட்டும் ஆய்வாளர், குழந்தைகளின் இந்நோய்களுக்கு அம்மரபில் இடமில்லை என்ற பிழையான முடிவுக்கு வரக்கூடும். நோயாளி சொல்ல இயலாமை, சிகிச்சைக்கு வகுத்த வயதெல்லை, மருந்து தாய் வழியாகச் செல்லுதல் ஆகிய மூன்றும் இந்நோய்களைப் பாலரோகத்துக்குள் கொண்டுசேர்த்தன. தஞ்சைச் சுவடிகளிலும் பாலவாகட ஏடுகளிலும் இவற்றைத் தேடுவோர் மாந்தம், கணம், தாய்ப்பால் குற்றம் ஆகிய தலைப்புகளின் உட்குறிகளை வரிவரியாகப் பிரித்தெடுக்க வேண்டும். அட்டவணைகளும் விளக்கப் பட்டியல்களும் உறுப்பு, வயது ஆகிய இரு வழிகளிலும் அமைந்தால்தான் சொல்லத் தெரியாத அந்த நோயாளியின் வரலாறு ஆய்வுக்கு எட்டும்.