ஜனாதிபதிக் கையொப்ப ஆவணங்கள் (அமெரிக்கா)

அமெரிக்க ஜனாதிபதிகள் கையொப்பமிட்ட கடிதங்கள், நியமனப் பத்திரங்கள், நிலப்பட்டாக்கள் முதலியவற்றைச் சேகரித்து மதிப்பிடும் துறை. முற்றும் சுயகையெழுத்தாலான கடிதம், பிறர் எழுதியதில் ஒப்பம் மட்டும் இட்ட பத்திரம், தனிக் கையொப்பம் என்ற வரிசையில் மதிப்புப் பொதுவாகக் குறையும். ஆயினும் விஷயத்தின் சரித்திர கௌரவமே தலையாய அளவுகோலாதல் வேண்டும். 1841இல் பதவியேற்ற ஒரே மாதத்தில் காலமான வில்லியம் ஹென்றி ஹாரிசன் ஜனாதிபதியாக ஒப்பமிட்டவை மிக அபூர்வம். ஜனாதிபதியின் பெயரால் நிலப்பட்டாக்களில் ஒப்பமிட 1833ஆம் ஆண்டுச் சட்டம் காரியதரிசிக்கு அதிகாரம் அளித்தமையாலும், பிற்காலத்தில், குறிப்பாகக் கென்னடியின் நாட்களில், ஒப்பமிடும் இயந்திரம் மிகுதியும் பயன்பட்டமையாலும், மெய்ம்மைப் பரிசோதனை இத்துறையில் இன்றியமையாதது. வாஷிங்டனுடைய ஒப்பமும் குறிப்புகளும் தாங்கிய 1789ஆம் ஆண்டுச் சட்டத் தொகுப்பு 2012இல் ஏறத்தாழ 98 லட்சம் டாலருக்கு ஏலம் போயிற்று.