ஆதி ஒளியும் பூமியின் நிழலும்

சிட்னியிலிருந்து மேற்கே ஏறத்தாழ 350 கிலோமீற்றர் போனால், செம்மறிகள் மேயும் வெளியின் நடுவே பார்க்ஸ் வானொலித் தொலைநோக்கி நிற்கிறது. 64 மீற்றர் விட்டம். 1961 இல் திறந்தது. சந்திரப் பயணத்தோடு சேர்த்தே பலரும் அதை நினைப்பார்கள். எங்களுக்கு இன்னொரு வேலைதான் பெரிதாகப் படுகிறது. ஹஸ்லமும் கூட்டாளிகளும் 1982 இல் வெளியிட்ட 408 மெகாஹேட்ஸ் வான்படத்தின் தென்பகுதி இங்கே அளக்கப்பட்டது. பால்வீதியின் இரைச்சல் எங்கே எவ்வளவு என்று சொல்லும் படம் அது. பிரபஞ்சம் தோன்றி ஏறத்தாழ 3,80,000 வருடத்தில் புறப்பட்ட நுண்ணலைகளைத் தேடியவர்களுக்கு, அந்த இரைச்சலைக் கழிக்க அது கைகொடுத்தது.

அந்த ஆதி ஒளியின் சூட்டில் ஒரு லட்சத்தில் ஒரு பங்கு ஏற்ற இறக்கம் உண்டென்று 1992 இல் கோபி செய்மதி காட்டியது. அது எப்படிப்பட்ட ஏற்ற இறக்கம்? கவுஸின் மணிவடிவ வளைகோட்டுக்கு அடங்கியதென்றால், வானத்தில் மும்மூன்று புள்ளிகளாக எடுத்து, சராசரியிலிருந்து அவற்றின் விலகல்களைப் பெருக்கி, வானம் முழுதுக்கும் சராசரி பார்த்தால் நேரும் எதிரும் அடிபட்டுப் பூச்சியம் வரும். வராவிட்டால் ஆதி வீக்கத்தின் எளிய கதை உடைந்துபோகும். படிப்பை இடையில் விட்டு வந்த எங்களுக்கும் விளங்கும் கணக்கு, அளப்பதுதான் வில்லங்கம்.

1998 இல் ஃபெரைரா, மகெய்ஜோ, கோர்ஸ்கி மூவரும் கோபியின் தரவில் பூச்சியமல்லாத ஒன்றைக் கண்டதாக எழுதினார்கள். 98 வீத நம்பிக்கை என்றார்கள். 2000 இல் பண்டே, ஸரூபி ஆகியோருடன் அதே கோர்ஸ்கி இன்னொரு கட்டுரை எழுதினார். யூன் மாதத்தை ஒட்டிய இரண்டு மாதங்கள் செய்மதி ஒவ்வொரு சுற்றிலும் பூமியின் நிழலுக்குள் போய் வந்திருக்கிறது. அந்நாட்களின் அளவுகளை நீக்கினால் அடையாளமும் போய்விடுகிறது! எங்களவர் எழுதும் வரலாறுகளில் இப்படியொரு இரண்டாவது கட்டுரையை நாங்கள் அதிகம் கண்டதில்லை.

பார்க்ஸிலும் வருடக்கணக்காகச் சில விசித்திரத் துடிப்புகள் குழப்பின. மெல்பேர்ண் சுவின்பேர்ண் பல்கலைக்கழகத்தின் எமிலி பெற்றோஃப் குழுவினர் 2015 இல் காரணம் கண்டார்கள்: நேரம் முடியுமுன் யாரோ மைக்றோவேவ் அவணின் கதவைத் திறந்திருக்கிறார்கள். றெஸ்ரோறன்ற் குசினியில் நாங்கள் நாள் முழுக்கச் செய்கிற காரியம்.

2008 இல் யாதவும் வாண்டெல்ற்றும் மணிவடிவத்திலிருந்து விலகலைக் குறிக்கும் எண் 27 க்கும் 147 க்கும் இடையில் என்றார்கள். பிளாங்க் செய்மதியின் இறுதி அளவீடு சொன்னதோ −0.9, கூட்டியோ குறைத்தோ 5.1. எளிய வீக்கக் கோட்பாடு எதிர்பார்ப்பது ஒன்றுக்கும் மிகக் கீழே. இவ்வளவு நுண்மைக்கு ஆதி ஒளி மட்டும் போதாதென்று, 2025 மார்ச்சில் ஏவப்பட்ட ஸ்பியரெக்ஸ் செய்மதி கோடிக்கணக்கான விண்மீன் கூட்டங்களின் பரம்பலில் அதே எண்ணைத் தேடுகிறது.