மூணு நாள் முளையின் கதை

போன வாரம் எங்க வீட்ல ஒரு சின்ன சண்டை. ஏழு மாச கர்ப்பமா இருக்கிற அக்காவுக்கு, முளைகட்டின வெந்தயத்தைப் பச்சையாவே சாலட்ல தூவிக் கொடுத்தேன். அம்மா தட்டை வாங்கி வச்சுட்டாங்க. "வேக வைக்காம குடுக்காதடா." வேக வச்சா சத்து போயிடும்னு நானும் விடல. அந்த நம்பிக்கை எனக்கு எங்கிருந்து வந்துச்சுன்னு தேடப் போனதுதான் இந்த எபிசோடு.

கதை ப்ரோக்கோலியில் தொடங்குது. 1992ல் அமெரிக்காவின் ஜான்ஸ் ஹாப்கின்ஸ் பல்கலைக்கழகத்தில் பால் டலலேயின் குழு, ப்ரோக்கோலியிலிருந்து சல்ஃபோராஃபேன் என்ற பொருளைப் பிரித்தெடுத்தது. உடம்பில் நச்சை முறிக்கும் என்சைம்களை அது தூண்டிவிடும். 1997ல் அதே குழு இன்னொரு குண்டு போட்டது: மூன்று நாள் முளையில் இதற்கான மூலப்பொருள், வளர்ந்த ப்ரோக்கோலியில் இருப்பதைவிட 10 முதல் 100 மடங்கு வரை இருக்கலாம். சோதனையில் எலிகளுக்குக் கட்டிகள் குறைந்தன. மனுஷங்களுக்குப் புற்றுநோயைத் தடுக்கும்னு இன்னும் நிரூபணம் ஆகல. ஆனா முளைக்கு மவுசு வர அவ்வளவே போதுமா இருந்தது.

இதே பல்கலைக்கழகத்தில்தான் 1928ல் முட்டைக்கோஸாகவே தின்ற முயல்களுக்குத் தைராய்டு வீங்கியது. ப்ரோக்கோலியும் அந்தக் குடும்பம்தான். நாம முயல் இல்ல. அயோடின் உப்போட அளவா சாப்பிட்டா பொதுவா பயமில்ல.

பயம் வேற இடத்தில் இருக்கு. 2011 மே மாதம், வட ஜெர்மனி. நல்லா இருந்தவங்க திடீர்னு இரத்தப்போக்கோட வயிற்றுப்போக்குன்னு ஆஸ்பத்திரிக்கு வராங்க. நிறைய பேருக்குச் சிறுநீரகம் செயலிழக்குது. முதல்ல பழி ஸ்பெயின் வெள்ளரிக்காய் மேல விழுந்தது; அங்கே விவசாயிகள் விளைச்சலைக் கொட்டி அழிச்சாங்க. அது தப்பான பழி.

உண்மை எப்படி வெளியே வந்துச்சு தெரியுமா? அலங்காரத்துக்குத் தூவின நாலு முளை யாருக்கு ஞாபகம் இருக்கும்? அதனால, என்ன சாப்பிட்டீங்கன்னு நோயாளிகளைக் கேக்கறதோட நிக்காம, ஒரு உணவகத்தில் எந்த டிஷ்ல என்னென்ன போட்டீங்கன்னு சமையல்காரரையே கேட்டாங்க. முளை மாட்டியது. தடம் ஒரு முளைப்பயிர்ப் பண்ணைக்கும், அங்கிருந்து எகிப்திலிருந்து வந்த விதைக்கும் போனது. என்ன விதை? வெந்தயம். அதைப் படிச்சதும் எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. கிட்டத்தட்ட 4000 பேருக்கு நோய், ஐம்பதுக்கும் மேல் சாவு.

காரணம் எளிமையானது. விதை முளைக்க வெதுவெதுப்பும் ஈரமும் வேணும். ஈ.கோலைக்கும் அதேதான் வேணும். விதையின் கீறலில் ஒளிஞ்ச கிருமி, ஈரத்துணிக்குள்ள ரெண்டு மூணு நாளில் பெருகிடும். கழுவினாலும் முழுசா போகாது. கர்ப்பிணிகள், குழந்தைகள், வயசானவங்க பச்சை முளை சாப்பிட வேண்டாம்னு அமெரிக்க உணவு மருந்து நிர்வாகமே சொல்லுது.

அப்ப வேக வைக்கணும். ஆனா ப்ரோக்கோலி விஷயத்தில் நான் சொன்னதும் முழுப் பொய் இல்ல: சல்ஃபோராஃபேனை உருவாக்கும் என்சைம் அதிக சூட்டில் செத்துடும். அதுக்கும் ஒரு வழி இருக்கு. வெந்த ப்ரோக்கோலி மேல கடுகுப்பொடி தூவினா, கடுகில் இருக்கிற அதே வகை என்சைம் அந்த வேலையைச் செய்யுது. தாளிச்ச கடுகு இல்லீங்க, பச்சையா அரைச்ச பொடி.

அக்கா இப்ப வெந்தய முளையை வேக வச்சுதான் சாப்பிடறாங்க. அம்மாகிட்ட இந்த எபிசோடை இன்னும் போட்டுக் காட்டல.